பாட்டில்லாத எட்டு வருஷம்

1954 ஏப்ரலில் ‘அந்த நாள்’ பார்க்கப் போனவர்களுக்குப் படம் தொடங்கிய கையோடு ஒரு மோசடி நடந்தது. துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சாய்கிறார், ஆள் காலி. யார் முகத்துக்காக டிக்கெட் எடுத்தார்களோ அவர் பெஞ்சு சூடாவதற்குள் பிணமாகிவிட்டார். போகட்டும், பின்கதையில் எழுந்து வந்து மரத்தைச் சுற்றிப் பாடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடுத்த அடி: படத்தில் பாட்டே கிடையாது. ஆட்டமும் கிடையாது. ஏவி.எம். பணம் போட்டு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, பாட்டில்லாமல் தமிழில் வந்த முதல் படம் அது. பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. ஜனங்கள் ஆடவில்லை. சில மாதம் கழித்து எம்.ஜி.ஆர். ‘மலைக்கள்ளன்’ ஆகக் குதிரையில் வந்ததும் நிம்மதியாக அந்தப் பக்கம் போனார்கள்.

தமிழ்நாட்டுச் சரித்திரத்திலும் இப்படி ஒரு படம் எடுக்கப்பட்டது. படப்பிடிப்பு முழுக்கச் செஞ்சியில். 1690-ல் தொடங்கி 1698-ல் முடிந்தது. மாறுவேடம், துரோகம், இளவரசன் கைது, நடுநிசித் தப்பியோட்டம் எல்லாம் இருந்தும் ஒரு பாட்டு இல்லை. அதனால் இன்றைக்குச் செஞ்சிக்குப் போய் சுல்பிகார் கான் என்று சொன்னால், பிரியாணிக் கடை எந்தத் தெருவில் என்று கேட்பார்கள்.

முதலில் தொழில் சமாசாரம் கொஞ்சம். ஹிட்ச்காக் 1962-ல் ட்ரூஃபோ என்ற பிரெஞ்சு இயக்குநரை உட்கார வைத்து சஸ்பென்ஸ் என்றால் என்ன என்று விளக்கினார். இரண்டு பேர் மேஜையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மேஜைக்கடியில் குண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வெடித்தால் பார்க்கிறவனுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை அவனுக்கு மட்டும் முன்கூட்டிக் காட்டிவிட்டு, மேஜைக்காரர்களை ஊர்வம்பு பேசவிட்டால் பதினைந்து நிமிஷம் வயிற்றைக் கலக்கும். பாலசந்தர் 1964-ல் ‘பொம்மை’ எடுத்தபோது இந்தச் சூத்திரத்தை அப்படியே செய்து பார்த்தார். குண்டை ஒரு பொம்மைக்குள் வைத்தார், பொம்மையைச் சென்னை முழுக்கக் கை மாற்றி ஊர்வலம் விட்டார். குழந்தை அதைக் கொஞ்சும்போது தியேட்டரில் இருப்பவன் நகத்தைக் கடிப்பான்.

செஞ்சிப் படத்தில் இந்தச் சூத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்கள். மேஜைக்கடியில் குண்டு இருப்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சமையற்காரனுக்குத் தெரியும், குதிரைக்குப் புல் வெட்டுகிறவனுக்குத் தெரியும். தெரியாமல் தொலைவில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். மேஜை வாங்கப் பணம் கொடுத்தவர். பெயர் ஔரங்கசீப்.

லொகேஷன் பார்த்தவர் யாரோ தெரியாது, மாலை போட வேண்டும் அவருக்கு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். பெருமாள் விளையாடிவிட்டு எடுத்து வைக்க மறந்துபோன மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பாறைகள். மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில் சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரியின் உயரம் கிட்டத்தட்ட 800 அடி, உச்சியில் கோட்டைக்குள் ஒரு கோட்டை. அதற்குள் நுழைவதற்குமுன் மலையே பிளந்து ஒரு பள்ளம். மேலே ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் டில்லியே வந்தாலும் அந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சஸ்பென்ஸ் படத்துக்கு மாடிப்படி வேண்டும் என்பார்கள், ஹிட்ச்காக் படிக்கட்டை வைத்தே பாதிப் படத்தை ஓட்டுவார். ராஜகிரியில் படிக்கட்டைத் தவிர வேறொன்றுமில்லை. பாதி ஏறியதும் இதயம் போடும் சத்தத்துக்குப் பின்னணி இசையும் தேவையில்லை. கையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தால் வில்லன்கள் பாறைமேல் தயாராக இருப்பார்கள், வாலோடு.

கோட்டைக்குள் களஞ்சியம் உண்டு, குளம் உண்டு, சுனை உண்டு. பட்டினி போட்டுப் பிடிக்கலாம் என்று வெளியே கூடாரம் அடித்தவர்கள்தான் கடைசியில் பட்டினி கிடந்தார்கள். அது பிறகு.

கதாநாயகன் ராஜாராம். சிவாஜியின் இளைய மகன். (கணேசன் இல்லை, போன்ஸ்லே.) 1689 மார்ச்சில் அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபோது இவருக்கு வயது 19. ராய்கட் கோட்டையைச் சுல்பிகார் கான் வளைத்துக்கொள்ள, இவர் வெளியேறி, கோட்டை கோட்டையாக மாறி, இனி மகாராஷ்டிரத்தில் இருந்தால் கழுத்து நிற்காது என்றதும் தெற்கே கிளம்பினார். அப்பா 1677-ல் பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து வாங்கிப் போட்ட செஞ்சி இருந்தது. அப்பா வாங்கிப்போடும் சொத்து எப்போது உதவும் என்று யாருக்குத் தெரியும்.

போனது மாறுவேடத்தில், லிங்காயத்து யாத்திரிகர் கூட்டமாக. வழியில் கெளதி ராணி சென்னம்மா ஔரங்கசீப்பைச் சட்டை செய்யாமல் இடம் கொடுத்தார். பிறகு பெங்களூர்ச் சத்திரம். இந்த ஒரு காட்சிக்காக ஹிட்ச்காக் மராத்தி கற்றுக்கொண்டிருப்பார். ராஜாராம் களைத்துப்போய்த் திண்ணையில் உட்கார்கிறார். கூட வந்த வேலைக்காரன், பழக்க தோஷம், குனிந்து எஜமானின் காலைக் கழுவுகிறான். அவ்வளவுதான். சத்திரத்தில் இருந்த மற்றவர்கள் பார்க்கிறார்கள். பரதேசிக்கு எவனாவது காலைக் கழுவிவிடுவானா? ஒருவன் நைசாக எழுந்து மொகலாயத் தாணாவுக்குப் போகிறான். காமிரா அந்தத் தண்ணீர்ச் செம்பின் மேலேயே நிற்க வேண்டும். நல்லவேளை, கன்னடம் புரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். ராஜாராம் ஒரு பக்கம் நழுவ, கண்டோ பல்லாளும் சிலரும் நாங்கள்தான் யாத்திரிகர்கள் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். பிடித்துப் போய்ச் சக்கையாக அடித்தார்கள். யாத்திரை போகிறோம் சாமி என்பதைத் தவிர வேறு வசனம் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. அடித்தவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். மராத்திப் பகர்கள் எனும் பழைய வரலாற்றேடுகள் சொல்லும் கதை இது. முகத்தை மூடி, மொழியை மாற்றி, நெற்றியை மாற்றி எல்லாம் செய்துவிட்டு, காலால் மாட்டிக்கொண்ட ஒரே ராஜா.

இத்தனை ஆபத்தையும் தாண்டிச் செஞ்சிக்கு வந்தால் வாசலில் அக்கா நிற்கிறார். அம்பிகா பாய், சிவாஜியின் மகள், மாற்றாந்தாய் வயிற்று அக்கா. அவர் கணவர் ஹர்ஜி மகாதிக்தான் செஞ்சியை ஆண்டுகொண்டிருந்தவர், அப்போதுதான் இறந்திருந்தார். கோட்டையும் கஜானாவும் அக்காவின் கையில். தம்பி ராஜாவாக இருக்கலாம், அதற்காகச் சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? பெங்களூரில் ஒரு பேரரசையே ஏமாற்றியவருக்குக் குடும்பச் சொத்துத் தகராறுதான் பெரிய முட்டுக்கட்டை ஆயிற்று. கடைசியில் கோட்டையில் இருந்த படை தம்பி பக்கம் சாய்ந்ததும் அக்கா ஆரத்தியை எடுத்துக்கொண்டார். படம் தமிழ்ப் படம்தான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இனி வில்லன். ‘அந்த நாள்’ படத்தில் பாலசந்தர் செய்த நல்ல காரியம், கதாநாயகனையும் வில்லனையும் ஒரே ஆளாக்கியது. ராஜன் என்ற ரேடியோ இன்ஜினீயர் கெட்டிக்காரன், படித்தவன், பேசினால் காதைக் கொடுத்துக் கேட்கலாம். தன் மூளையை ஊர் மதிக்கவில்லை என்ற கடுப்பில் ஜப்பான்காரனுக்கு உளவு பார்க்கிறான். அவன் பேசும்போது, இவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று நமக்கே ஒரு விநாடி தோன்றிவிடும், அந்த விநாடியில்தான் படம் நிற்கிறது. சுல்பிகார் கான் அந்த ரகம். அப்பா அசத் கான் பேரரசின் வசீர். மகன் நல்ல தளபதி என்பதில் சந்தேகமே இல்லை. ராய்கட் மாதிரி எமகாதகக் கோட்டையை 1689-க்குள் பிடித்து முடித்த ஆள். அதே ஆள் 1690 செப்டம்பரில் செஞ்சிக்கு வந்து கூடாரம் அடித்தார். அதோடு சரி.

தொடக்கத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. 13 கிலோமீட்டர் மதிலைச் சுற்றி நிற்க ஆள் போதாது. ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசல் வழியாக அரிசி மூட்டை உள்ளே போகும். ஆனால் மாதம் போகப் போக அவருக்கு வேறொரு ஞானம் பிறந்தது. கோட்டை விழுந்தால் வேலை முடிந்தது, ஔரங்கசீப் கூப்பிட்டு வேறு மலையைக் காட்டி ஏறு என்பார். விழாதவரை படை தன்னிடம், பணம் தன்னிடம், கர்நாடகம் முழுக்கத் தன்னிடம். சக்கரவர்த்திக்கு 72 வயது ஆகிறது. இன்றோ நாளையோ கண்ணை மூடினால் இங்கேயே ஒரு ராஜ்ஜியம் போட்டுக்கொண்டு உட்காரலாம், அப்போது பக்கத்து வீட்டில் ராஜாராம் நண்பராக இருந்தால் நல்லதுதானே? புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக் கம்பெனித் தலைவர் பிரான்சுவா மார்த்தேன் தன் குறிப்புகளில் இந்தச் சந்தேகத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறார். வேலை முடியக்கூடாது என்று தினமும் கவனமாக வேலை செய்வது லேசு இல்லை. அரசாங்கக் கட்டடம் எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் புரியும்.

ஔரங்கசீப்போ சாகிற உத்தேசத்தில் இல்லை. 1707 வரை இருந்தார். இவர்கள் இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை நானாகக் கற்பனை செய்துகொண்டால் இப்படித்தான் வருகிறது. ‘கோட்டை என்னாயிற்று?’ ‘ஆகிக்கொண்டே இருக்கிறது ஹுசூர். பீரங்கி மருந்து அனுப்பவும்.’ ‘போன வருஷம் அனுப்பியது?’ ‘மழையில் நனைந்துவிட்டது.’ ‘மழை நின்றதா?’ ‘நின்றது. இப்போது வெயில்.’

இடையில் ஒரு நகைச்சுவை டிராக் வருகிறது. என்.எஸ்.கே. படங்களில் மூலக் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, ஆனால் அதுதான் மனசில் நிற்கும். ராஜாராமுக்குப் பணமுடை. கையில் இருப்பது நிலம். கடலூர் பக்கத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் இதே மனிதர்தான். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்ற கேள்விக்குப் பத்திரத்தில் எழுதிய அளவு: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும். சங்கிலி பிடித்து அளந்த நிலத்திலேயே அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து நடக்கிற நாட்டில் இப்படி ஒரு பத்திரம். வெள்ளைக்காரன் விடுவானா? இருப்பதிலேயே நல்ல பித்தளைப் பீரங்கியைச் சென்னையிலிருந்து தேடி அனுப்பினான், கூடவே கைதேர்ந்த பீரங்கிக்காரனையும். நாலு திசையிலும் சுட்டார்கள். கடலூரே உள்ளே விழுந்தது. அப்படி வளைத்துப் போட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் நின்றுவிட்டது. காலையில் தூங்கி எழுந்து, தலைக்கு மேல் போன இரும்புக்குண்டைப் பார்த்து, தான் இன்றைக்கு இங்கிலீஷ்காரன் குடிமகன் என்று ஒரு விவசாயி தெரிந்துகொண்டிருப்பான். குண்டு அவன் வேலிக்கு முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்பதுதான் கேள்வி. செஞ்சி முற்றுகை முழுவதிலும் குறி தவறாமல் பீரங்கி சுட்டவர்கள் இவர்கள் மட்டும்தான்.

சண்டைக்கதைக்கு வருவோம். சுல்பிகாரின் லட்சணத்தைக் கண்டு ஔரங்கசீப் 1691-ல் அப்பா அசத் கானை அனுப்பினார். அவரையும் நம்பாமல் தன் கடைக்குட்டி மகன் காம்பக்ஷை மேலே அனுப்பினார். கண்காணிக்க ஒருவர், கண்காணிப்பவரைக் கண்காணிக்க ஒருவர். இடைவேளைக்கு முன் திரைக்கதையில் திருகு ஏற்றுவது இப்படித்தான்.

1692 டிசம்பரில் திருப்பம் வந்தது. மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வடக்கிலிருந்து குதிரைப்படையோடு இறங்கினார்கள். சந்தாஜி காஞ்சிபுரத்துப் பௌஜ்தார் அலி மர்தான் கானை உயிரோடு பிடித்து, யானை குதிரை சகிதம் செஞ்சிக்குள் கொண்டுவந்து கட்டிப்போட்டு, பெருந்தொகை வாங்கிக்கொண்டு விட்டார். தனாஜி இன்னொரு கானைப் பிடித்தார். முற்றுகை போட்டவர்களை இப்போது வெளியிலிருந்து முற்றுகை போட்டாயிற்று. கூடாரத்தில் தானியம் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வதந்தி: சக்கரவர்த்தி போய்விட்டார்.

காம்பக்ஷுக்குத் தலை சுற்றியது. அப்பா போனால் அண்ணன்மார் தன்னை உயிரோடு வைப்பார்களா? மொகலாயக் குடும்பத்தில் தம்பியாகப் பிறப்பது ஜாதகத்திலேயே கண்டம். இளவரசர் ராஜாராமோடு ரகசியமாகப் பேசத் தொடங்கினார். இரவோடு இரவாகப் பெண்டு பிள்ளைகளோடு கோட்டைக்குள் போய்விடுவது என்று திட்டம். பிடிக்க வந்த இடத்துக்குள் அடைக்கலம் போவது என்ற யோசனை உலகத்துப் போர் வரலாற்றில் வேறு யாருக்காவது வந்திருக்குமா என்பது சந்தேகம். அசத் கானும் சுல்பிகாரும் மோப்பம் பிடித்து அவரைக் கைது செய்தார்கள்.

கைது செய்த காரணத்தைக் கவனியுங்கள்: இளவரசர் எதிரியோடு ரகசியமாகப் பேசினாராம். பிடித்தவர் யார்? எதிரியோடு ரகசியமாகப் பேசுவதையே முழுநேர உத்தியோகமாக வைத்திருந்த சுல்பிகார். ‘அந்த நாள்’ படத்தில் ஒவ்வொரு ஆளும் சி.ஐ.டி. அதிகாரியிடம் கொலைகாரன் நானில்லை, அவன்தான் என்று இன்னொருத்தரைக் காட்டுவார்கள். ஜாவர் சீதாராமன் முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் கேட்டுக்கொள்வார். திரைக்கதை வசனமும் அவர் எழுதியதுதான், எவன் புளுகுகிறான் என்று தெரியாதா அவருக்கு? ஔரங்கசீப்பும் அப்படித்தான் எல்லாரையும் கேட்டார். மகனை வரவழைத்தார், மன்னித்தார். சுல்பிகாரைச் செஞ்சியிலேயே விட்டுவைத்தார். வேறு ஆள் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு படம் தொய்கிறது. இரண்டாம் பாதி தொய்வது நமக்குப் புதிதில்லை. சுல்பிகார் வந்தவாசிக்குப் போய் ஓய்வெடுத்தார். பிறகு தஞ்சாவூர் போய், ராஜாராமின் உறவினரான சாஹஜியிடம் கப்பம் கறந்தார். பக்கத்து செட்டில் வேறு படத்துக்குக் கால்ஷீட் கொடுத்தாற்போல. மறுபடி வந்தார். மறுபடி முற்றுகை, மறுபடி மழை. இந்தப் பகுதியை நான் வேகமாகத் தாண்டுகிறேன், அவர் தாண்டவில்லை.

தொய்வில் தூக்கி நிறுத்தியவர் தாவூத் கான் பன்னி. சுல்பிகாரின் முன்படைத் தலைவர். இவர் ஒருத்தர்தான் இது நிஜச் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தார். உயர்ந்த ஐரோப்பியச் சரக்கு நிறையக் குடிப்பார். உள்ளே போனதும் வீரம் வெளியே வரும். இன்றைக்கே கோட்டையைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று புறப்படுவார். தலைவர் என்ன செய்வார்? வீரத்தைத் தடுத்தால் சந்தேகம் வரும். போ தம்பி என்று தட்டிக்கொடுத்துவிட்டு, இன்ன நேரத்தில் இன்ன பக்கமாக தாவூத் வருகிறான் என்று கோட்டைக்குள் சேதி சொல்லி அனுப்புவார். தாவூத் போய் அடிவாங்கிக்கொண்டு திரும்புவார், அடுத்த புட்டி வரைக்கும் அமைதி. தென்னிந்திய வரலாறு எழுதிய கர்னல் மார்க் வில்க்ஸ் இதை 1810-ல் சிரிக்காமல் பதிவு செய்திருக்கிறார். ஹிட்ச்காக் சொன்ன குண்டைத் தெரியாமல் மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் கோட்டை வாசலில் தாவூத்தான், அவருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் போதை. அடிவாங்கிச் செத்த சிப்பாய்களுக்குப் போதைகூட இல்லை.

கிளைமாக்ஸ் 1697 கடைசியில். ஔரங்கசீப்பின் பொறுமை தீர்ந்தது, இனி இழுத்தால் தலை போகும் என்று சுல்பிகாருக்கு உறைத்தது. ஆனால் எட்டு வருஷப் பழக்கம் இருக்கிறதே, அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? ராஜாராமுக்கு முன்கூட்டித் தகவல் போயிற்று. அவர் முக்கியமான ஆட்களோடு வேலூருக்கு நழுவி, அங்கிருந்து மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்தார். கதாநாயகன் ஊரை விட்டுப் பத்திரமாகப் போய்விட்டார் என்று உறுதியானதும் வில்லன் பாய்ந்தார். பாய்ந்தால், அடடா, என்ன வேகம்! எட்டு வருஷம் அசையாத கோட்டையில், தாவூத் கான் சந்திரகிரியில் ஏறிவிட்டார். இந்தத் தடவை யாரும் உள்ளே சேதி சொல்லவில்லை. 1698 தொடக்கத்தில் எல்லாம் முடிந்தது. ஆள் போன கூட்டைப் பிடித்துக்கொண்டு வெற்றி வெற்றி என்று முரசு அடித்தார்கள். கோட்டைக்குப் புதுப் பெயரும் வைத்தார்கள்: நுஸ்ரத்கட். சுல்பிகாரின் பட்டம் நுஸ்ரத் ஜங். ஜெயித்துவிடாமல் இருக்க எட்டு வருஷம் பாடுபட்டவருக்கு வெற்றிக்கோட்டை என்று கல்வெட்டாத குறை.

பாலசந்தர் இங்கே சாட்சிகளைக் கூப்பிடுவார். செஞ்சி வழக்கிலும் சாட்சிகள் உண்டு, ‘அந்த நாள்’ மாதிரியே ஒவ்வொருத்தரும் மற்றவனைச் சொல்லும் சாக்கில் தன்னைக் காட்டிக்கொள்கிறார்கள். பிரான்சுவா மார்த்தேனுக்கு எல்லாமே வியாபாரம்: யார் ஜெயித்தால் புதுச்சேரிக்கு என்ன ஆகும் என்பதற்குமேல் அவர் கவலைப்படுவதில்லை. கவலைப்பட்டும் பலனில்லை, 1693-ல் டச்சுக்காரர்கள் வந்து புதுச்சேரியையே பிடுங்கிக்கொண்டார்கள். சென்னைக் கோட்டையின் ஆலோசனைப் புத்தகங்களில் ஆங்கிலேயர் இரண்டு பக்கத்துக்கும் வணக்கம் போட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. சென்னையில் வைத்தியம் பார்த்துக் காலம் தள்ளிய வெனிஸ்காரர் மனுச்சி வம்பு எழுதுவார், அதிலும் தான் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் என்பது ஊடே வந்துவிடும். மராத்திப் பகர்களில் எல்லாரும் வீரர்கள், ஒருவர்கூடப் பணம் வாங்கவில்லை.

எனக்குப் பிடித்த சாட்சி பீம்சேன். புர்ஹான்பூர்க்காரர், காயஸ்தர், தள்பத் ராவ் புந்தேலாவிடம் கணக்கெழுதும் உத்தியோகம். அந்தப் புந்தேலா சுல்பிகாரின் படையில் இருந்தவர், ஆகவே பீம்சேன் கூடாரத்திலேயே குடியிருந்து பார்த்தவர். தளபதி மனசு வைத்திருந்தால் கோட்டையை வந்த நாளிலேயே பிடித்திருக்கலாம், ஆனால் இழுத்தடிப்பது தளபதிகளின் வழக்கம் என்ற கருத்தில் எழுதிவைத்துவிட்டார். கோபம் இல்லை, ஒப்பாரி இல்லை. கணக்கப்பிள்ளைக்குச் செலவு தெரியும், வரவு தெரியும், மீதி எங்கே போகிறது என்பதும் தெரியும்.

‘அந்த நாள்’ முடிவை இனியும் மறைக்க வேண்டியதில்லை, எழுபது வருஷம் ஆயிற்று. ஊர் முழுக்கச் சந்தேகப்பட்ட பிறகு, சுட்டது வீட்டுக்குள்ளேயே இருந்த மனைவி. தேசத்துக்காகச் சுட்டாள். பண்டரிபாய் அந்த முகத்தை வைத்துக்கொண்டு நின்றால் நாமே தோட்டா எடுத்துக் கொடுப்போம். செஞ்சியிலும் குற்றவாளி வெளியாள் இல்லை, ராஜாராமும் இல்லை, மழையும் இல்லை. தேசத்துக்காக என்று சொல்லிக்கொள்ள மட்டும் சுல்பிகாருக்கு வழி இல்லை. 1713-ல் டில்லியில் பரூக்சியர் சிம்மாசனம் ஏறியதும் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அதற்கு எட்டு வருஷமெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவும் நடந்த ஊரில் இதற்கு ஒரு தெம்மாங்கு கிடையாது. ஏன் என்றால், பதினாறு வருஷத்தில் அதே கோட்டையில் அடுத்த படம் வெளியாகிவிட்டது. ஔரங்கசீப் கோட்டையைச் சொரூப் சிங் என்ற புந்தேலாவுக்குக் கொடுத்தார். அவர் மகன் தேஜ் சிங், நம் வாயில் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் வரிபாக்கி கேட்டார், பையன் தரமாட்டேன் என்றான். வயது 22. 1714 அக்டோபரில் சில நூறு குதிரையோடு பெரும்படைமேல் பாய்ந்து, அன்றைக்கே செத்துப்போனான். ஒரே நாள். இதில் சஸ்பென்ஸ் என்று ஒரு பொட்டு இல்லை, அவன் சாகப் போகிறான் என்பது குதிரைக்கே தெரியும். ஆனால் அந்தக் குதிரைக்குப் பாராசாரி என்று ஒரு பெயர் இருந்தது. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து கூடவே செத்த முஸ்லிம் நண்பன் ஒருவன் இருந்தான். புதுமனைவியைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி விடைபெறும் காட்சி இருந்தது. முக்கியமாக, எல்லாவற்றுக்கும் மெட்டு இருந்தது. பாட்டுக்காரர்கள் தெருத் தெருவாகப் பாடினார்கள், பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்றது, 1936-ல் சினிமாவாயிற்று, 1960-ல் எம்.ஜி.ஆரே தேசிங்காகக் குதிரை ஏறினார். ‘அந்த நாள்’ மலைக்கள்ளனிடம் தோற்ற அதே விதிதான். சுல்பிகாருக்கும் எதிரில் ஒரு எம்.ஜி.ஆர். வந்து சேர்ந்தார்.

எட்டு வருஷத்துக் கணக்கையும் தந்திரத்தையும் எந்த ராகத்தில் பாடுவது? இன்றைக்கு நான் பிடிக்கவில்லை, நாளைக்கும் பிடிக்கமாட்டேன் என்று பல்லவி எடுத்தால் ஜனங்கள் காசு போடமாட்டார்கள்.

1954-க்கான தேசிய விருதுகளில் தமிழுக்கு வெள்ளிப்பதக்கம் ‘மலைக்கள்ளன்’ வாங்கிற்று, ‘அந்த நாள்’ படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். செஞ்சிக்கும் சான்றிதழ் வந்துவிட்டது. 2025 ஜூலையில் பாரிசில் கூடிய யுனெஸ்கோ, மராத்திய ராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. அதாவது ராஜாராமின் படத்துக்கு, வெளியாகி 327 வருஷம் கழித்து. செய்தி வந்த மறுவாரம் நீங்கள் செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் மராத்தியர் கோட்டைக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒரு விநாடி யோசித்திருப்பார்.

‘தேசிங்கு ராஜா கோட்டைங்களா? உக்காருங்க.’